ஆய்க்குடியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

சங்கரன்கோவிலில் இருந்து புளியங்குடி, கடையநல்லூர் வழியாகப் போனால் ஆய்க்குடி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நம் வயதுக்காரர்களுக்கு ஆய்க்குடி என்றால் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில்தான் முதலில் நினைவுக்கு வரும். இந்தப் பதிவு கோயிலைப் பற்றியது அல்ல. நடக்க முடியாத, உட்கார முடியாத, வாய்க்குச் சோறு எடுத்துச் செல்ல முடியாத பிள்ளைகளை நம் சீமையில் எப்படி வளர்த்தார்கள், அதில் எது மாறியது, எப்போது மாறியது என்பதைப் பற்றியது. இதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நாம் எழுதாவிட்டால் இனி வருகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

நான் தபால் இலாகாவில் இருந்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அரசு உதவித்தொகை எல்லாம் மணியார்டராகத்தான் வரும். முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன், அப்புறம் 'ஊனமுற்றோர் பென்ஷன்'. போஸ்ட்மேன் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வீட்டுக்குள் போவார். எந்தத் தெருவில், எந்த வீட்டின் பின்கட்டில் ஒரு பிள்ளை படுத்திருக்கிறது என்பது ஊரில் போஸ்ட்மேனுக்கும் மருத்துவச்சிக்கும்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாத பிள்ளைகள் உண்டு. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்பதற்காகத் தம்பியை மறைத்து வைத்த வீடுகள் உண்டு. பெண் பார்க்க வருகிற அன்று அந்தப் பிள்ளையை மாமா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதற்காக அந்தத் தாய் தகப்பனைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தார்கள். இழுப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். மாந்தம் என்று சொல்லி வயிற்றில் சூடு போட்டார்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிட்டார்கள். நம் கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கிப் பூசினார்கள். ஆடித்தபசுக்கு வெள்ளியில் கையும் காலும் வாங்கி உண்டியலில் போட்டார்கள். இதில் சூடு போட்டதைத் தவிர மற்றவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு எங்கே போவது என்று ஒரு வழி காட்ட யாரும் இல்லாதபோது மனிதர்கள் கோயிலுக்குத்தான் போவார்கள்.

வழி அடியோடு இல்லாமலும் இல்லை. நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஆஸ்க்வித் அம்மையார் 1890-லேயே பள்ளி தொடங்கிவிட்டார். அதே காலத்தில் காது கேளாத பிள்ளைகளுக்காக ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் அங்கேயே ஒரு பள்ளி ஆரம்பித்தார். இந்தியாவிலேயே மிகப் பழைய சிறப்புப் பள்ளிகளில் இவை இரண்டும் சேரும். ஆனால் அவை கண்ணோ காதோ மட்டும் குறையாக இருந்து, நடந்துபோய்ப் படிக்க முடிந்த பிள்ளைகளுக்கானவை. நான் சொல்லும் பிள்ளைகள் வேறு வகை. கழுத்தே நிற்காது. வலிப்பும் வரும், விழுங்கவும் முடியாது, மலச்சிக்கலும் இருக்கும், மழைக்காலத்தில் மூன்று முறை சளிக்காய்ச்சலும் வரும். ஒரே பிள்ளைக்கு நாலு டாக்டர் வேண்டும். அந்த நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். நாலு பேர் எழுதிய சீட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அலைகிறவர் அம்மா. அந்தப் பிள்ளையின் முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். இன்றைக்கும் இந்த நிலை பெரிதாக மாறிவிடவில்லை.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-ல் வந்தது. அதன்பிறகு 'ஐகிரவுண்டுக்குத் தூக்கிட்டுப் போ' என்ற பேச்சு நம் ஊரில் வழக்கமாயிற்று. தூக்கிட்டுப் போவது என்றால் சொல்லளவில் இல்லை, நிஜமாகவே தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்சில் ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர். அன்றைய கூலி போய்விடும். விசைத்தறியில் இருப்பவருக்கு ஒரு நாள் தறி நின்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? முதல் மாதம் போவார்கள், இரண்டாம் மாதம் போவார்கள், மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார்கள். டாக்டர் 'இவங்களுக்கு அக்கறை இல்லை' என்பார்.

அந்தக் காலத்தில் நாம் அதிகம் பார்த்தது இளம்பிள்ளைவாதம். போலியோ. ராத்திரி காய்ச்சல் அடிக்கும், ஊசி போடுவார்கள், காலையில் ஒரு கால் துவண்டு கிடக்கும். ஊருக்கு நாலைந்து பேர் முழங்காலில் கைவைத்து ஊன்றி நடப்பார்கள். அவர்களுக்குக் கேலிப் பெயரும் இருக்கும், அதை இங்கே எழுத வேண்டாம். ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். தையல் கடையிலும் வாட்ச் ரிப்பேர் கடையிலும் உட்கார்ந்தார்கள், சம்பாதித்தார்கள். படுத்த படுக்கையாக இருந்த பிள்ளைகள்தான் கண்ணில் படவே இல்லை.

மறுவாழ்வு மருத்துவம் என்று ஒன்று நம் நாட்டில் வேரூன்றியதற்கு வேலூரைச் சொல்லவேண்டும். அங்கே டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் அதற்கெனத் தனி நிலையமே எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கென்று 1972-ல் பம்பாயில் மிது அலூர் பள்ளி தொடங்கினார், அவருடைய மகளுக்கே அந்தப் பாதிப்பு இருந்தது. சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கியதுதான் இப்போது 'வித்யாசாகர்' என்ற பெயரில் இருக்கிறது. அவரும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தாய். அரசாங்கமும் பெரிய ஆஸ்பத்திரிகளும் செய்ததைவிட, சொந்த வீட்டில் அடிபட்டவர்கள் செய்தது அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் வேலூரும் சென்னையும் நமக்கு எட்டாத தூரம்.

இந்த இடத்தில்தான் ஆய்க்குடி வருகிறது.

எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையின்போது விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. அவருக்குச் சிகிச்சை கொடுத்த பாதுகாப்புப் படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல். ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். பெயரில் உள்ள 'அமர்' அந்த டாக்டரின் நினைவு. ஐக்கிய நாடுகள் சபை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்ததும் அதே 1981-தான். கீற்றுக் கொட்டகையில் ஐந்து பிள்ளைகளோடு ஆரம்பம். விரலைக்கூட அசைக்க முடியாத ஒருவர் பள்ளிக்கூடம் நடத்தப்போகிறார் என்றால் யார் நம்புவார்கள்? 1990-களின் தொடக்கத்தில் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். சென்னையில் ஆடிட்டராகத் தொழில் நடத்தியவர். சிறுவயது முதல் தசைச்சிதைவு நோய், அவரும் சக்கர நாற்காலிதான். இரண்டு சக்கர நாற்காலிக்காரர்கள் சேர்ந்து முப்பது ஏக்கர் வளாகத்தை உருவாக்கினார்கள். பள்ளி, இயன்முறை சிகிச்சை, காலிப்பர் செய்யும் பட்டறை, தொழிற்பயிற்சி, எல்லாப் பிள்ளைகளும் கலந்து படிக்கும் பள்ளிக்கூடம் என்று வளர்ந்தது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 நவம்பரில், தென்காசி தனி மாவட்டம் ஆகியிருந்தது. நம் ஊரும் ஆய்க்குடியும் திருநெல்வேலியை விட்டு ஒன்றாகவே இந்தப் பக்கம் வந்துவிட்டன.

இதற்கிடையில் பிள்ளைகளே மாறிவிட்டார்கள். இதைப் பலர் கவனிக்கவில்லை. போலியோ ஒழிந்துபோயிற்று. வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் சொட்டுமருந்து கொடுக்கும் முறையை வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர். 1995 டிசம்பரில் நாடு முழுக்க பல்ஸ் போலியோ வந்தது. நம் பஸ் நிலையத்தில் மேசை போட்டுக் குழந்தைகளின் சுண்டுவிரலில் மை வைத்தது நினைவிருக்கும். இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13, மேற்கு வங்காளத்தில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. ஒரு தலைமுறைக்குள் நடந்த காரியம். முழங்காலில் கையூன்றி நடக்கும் சிறுபிள்ளையை இன்று எந்த ஊரிலாவது பார்க்கிறீர்களா?

இன்னொரு கணக்கும் சேர்ந்தே ஓடியது. தமிழ்நாட்டில் 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 13. அதாவது அன்று பிழைக்காத நூறு குழந்தைகள் இன்று பிழைக்கின்றன. ஏழாம் மாதத்தில் ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தை நம் காலத்தில் ஒரு வாரம் தாண்டாது. இப்போது கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி அனுப்புகிறார்கள். மிகப் பெரும்பாலான குழந்தைகள் நன்றாக வளர்கின்றன. சில குழந்தைகளுக்கு மூளையில் ஆக்சிஜன் குறைந்தோ, ரத்தம் கசிந்தோ, மஞ்சள்காமாலை முற்றியோ பாதிப்பு தங்கிவிடுகிறது. குறைமாதப் பிரசவத்துக்கும் கஷ்டப்பிரசவத்துக்கும் இந்த முடக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1861-லேயே லண்டனில் ஜான் லிட்டில் என்ற டாக்டர் சொன்னார். அவருக்கே சிறுவயதில் கால் வளைந்துபோன குறை இருந்தது. இவரும் சொந்த உடம்பில் அடிபட்டவர், பாருங்கள்.

இங்கே ஒரு சின்னச் செய்தி. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைக்குப் பால் கொடுக்க இந்திய ஆஸ்பத்திரிகளில் இன்று பாலாடையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் பாட்டிமார் சங்கு, பாலாடை என்று வைத்திருந்தார்களே, அதேதான். பாட்டில் நிப்பிளைவிடக் கழுவுவது எளிது, கிருமி தங்காது. குழந்தை மருத்துவப் புத்தகங்களில் 'பலாடை' என்றே தமிழ்ப் பெயரோடு இருக்கிறது. சூடு போட்டதும் நாம்தான், பாலாடை கொடுத்ததும் நாம்தான்.

ஆக, போலியோவுக்கு என்று அமைந்த வழிகள் இந்தப் புதுப் பிள்ளைகளுக்குப் போதவில்லை. போலியோ பிள்ளைக்குக் காலிப்பர் போட்டுவிட்டால் பள்ளிக்கூடம் போய்விடும். மூளை முடக்குவாதப் பிள்ளைக்குத் தினமும் வேலை இருக்கிறது. படுக்கவைத்துச் சோறு ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். மழைக்காலச் சளிக்காய்ச்சல்களில் பலவற்றுக்குக் காரணம் அதுதான். முதுகுக்கும் கழுத்துக்கும் தாங்கல் கொடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்பக்கம் குனியவைத்து, கெட்டியாகக் குழைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். வலிப்பு மருந்தை இரண்டு நாள் நிறுத்தினால்கூட ஆபத்து. கை கால்களைத் தினமும் நீட்டி மடக்காவிட்டால் தசை இறுகிப்போய் மூட்டு வளைந்துவிடும். பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால் புண். இவை எதுவும் பெரிய மருத்துவம் இல்லை. ஆனால் மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போவதால் கைவருகிற பழக்கமும் இல்லை. வீட்டில் வந்து, அந்தத் திண்ணையில், அந்தத் தலையணையை வைத்துக் காட்டித்தர ஒரு ஆள் வேண்டும்.

இந்த எண்ணம் உலகத்தில் 1978 அல்மா அட்டா மாநாட்டுக்குப் பிறகு வலுப்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்று அதற்குப் பெயர் வைத்தது. மெக்சிகோ நாட்டு மலைக்கிராமங்களில் வேலை செய்த டேவிட் வெர்னர் 1987-ல், கிராமத்து ஊனமுற்ற குழந்தைகளைப் பற்றிப் படங்களோடு ஒரு தடித்த புத்தகம் எழுதினார். மரப்பெட்டியில் நாற்காலி செய்வது எப்படி, பழைய டயரில் செருப்பு செய்வது எப்படி என்றெல்லாம் அதில் உண்டு. உடம்பில் குறை உள்ளவர்தான் அவரும்.

நம் பக்கத்தில் அதைச் செய்து காட்டியது ஆய்க்குடி. கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பிறந்து சில மாதங்களிலேயே, தலை நிற்கவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை என்ற அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிப்பது முதல் வேலை. ஆறு வயதுக்குள் ஆரம்பித்துவிட்டால் மூளை பழகிக்கொள்ளும், பிறகு கஷ்டம். அந்தப் பெண்கள் கையில் இப்போது செல்போன் செயலி இருக்கிறது. பிள்ளைக்கு என்ன பயிற்சி, போன வாரத்துக்கு இந்த வாரம் என்ன முன்னேற்றம் என்று அதில் பதிகிறார்கள், நிபுணர் வேறு இடத்தில் இருந்து பார்த்துச் சொல்கிறார். மஞ்சள் பையில் கிடந்த சீட்டுகளுக்கு ஒரு வழி பிறந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

தெரிந்த வீடு ஒன்றில் இப்படி வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பெண். அந்தப் பிள்ளையின் தாயிடம், "யக்கா, இன்னைக்கு நீங்க சாப்பிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம்தான் பிள்ளையைத் தொட்டார். எத்தனையோ பேர் அந்த வீட்டுக்கு வந்து 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறு வருஷத்தில் என்னை இப்படிக் கேட்டது இந்தப் புள்ளதான் என்று அந்தத் தாய் பிறகு சொன்னார்.

அரசும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். 1995-ல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம், இது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மட்டுமானது. 2010-ல் கலைஞர் ஆட்சியில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளிகள்' வந்தது. வெறும் பெயர் மாற்றம்தானே என்று கேட்டவர்கள் உண்டு. மணியார்டர் ஃபாரத்தில் 'ஊனம்' என்று வாசித்துக் கேட்டுக் கூனிப்போன முகங்களைப் பார்த்தவன் நான், அப்படிக் கேட்கமாட்டேன். 2012-ல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பள்ளிக்கு வர முடியாத கடும் பாதிப்புள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க உரிமை கொடுத்தார்கள். 2013-ல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளைச் சோதித்து மாவட்ட மையத்துக்கு அனுப்பும் திட்டம் வந்தது. 2016 சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வலிதணிப்பு நர்சும் வீட்டுக்கே வருகிறார்கள். வீட்டுக்குப் போய் வலிதணிப்புச் சேவை செய்வதில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளம் நமக்கு வெகுகாலம் முன்னோடி. கோழிக்கோட்டில் 1993-லேயே தொடங்கிவிட்டார்கள். பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். டயப்பரின் விலை தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகை எத்தனை நாள் வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி எல்லாத் தாய் தகப்பனிடமும் இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் யார்? முன்பு இந்தப் பிள்ளைகள் அதிக நாள் இருப்பதில்லை, கேள்வியே எழவில்லை. இப்போது முப்பது, நாற்பது வயதுவரை இருக்கிறார்கள். தாய்க்கு எழுபது வயது, மகனுக்கு நாற்பது வயது, தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும். நம் ஊர்த் தெருக்களிலேயே இப்படி வீடுகள் உண்டு.

நம் போன்ற பென்ஷன்தாரர்களுக்கு இதில் தெரிந்திருக்கவேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பதினெட்டு வயது முடிந்தவுடன் பெற்றோர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் இல்லை. 1999 சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று வாங்கவேண்டும். தாய் தகப்பன் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் பிற்பாடு சொத்திலும் பேங்கிலும் இழுபறி குறையும். இன்னொன்று, மத்திய அரசுப் பென்ஷன்தாரருக்குச் சம்பாதிக்க முடியாத அளவு பாதிப்புள்ள மகனோ மகளோ இருந்தால், விதிகளின்படி ஆயுள் முழுக்கக் குடும்பப் பென்ஷன் பெறத் தகுதி உண்டு. பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு அந்தப் பிள்ளையின் பெயரைப் பென்ஷன் உத்தரவில் சேர்க்க எழுதிக்கொடுக்கலாம். மாநில அரசு ஊழியர்களும் தங்கள் கருவூலத்தில் கேட்டுப் பாருங்கள்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இதற்காகப் போன வருஷம் முழுக்க அலைந்தார். சான்றில் மகள் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் ஒரு அலுவலகம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. நாலாவது தடவை நாங்கள் ஐந்து பேர், எல்லாருமே எழுபதைத் தாண்டியவர்கள், அவரோடு கிளம்பிப் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். மதியம் சாப்பாட்டுக்கு முன்பே பெயரைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். உத்தரவு பிப்ரவரியில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பத்தாறு வயது.